கொசுவிடம் கேட்டறிதல்

சிதம்பரம் முதல் விருத்தாசலம் வரை பரந்துகிடக்கும் கடலூர் மாவட்டத்து நெல்வயல்களில், தண்ணீர் கட்டும் பருவத்தில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுக்களுள் சில, பன்றியிடமும் கொக்கு நாரைகளிடமும் பெற்ற ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸை மனிதருக்குள் செலுத்திவிடுகின்றன. கிருமி புகுந்தவருள் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாகிறது. ஆயினும் அவ்வாறு மூளை தாக்கப்பட்டோரில் நூற்றுக்கு 30 பேர் வரை மாண்டுபோவதுண்டு. இவ்வைரஸ் இரத்தத்தில் நெடுநாள் தங்குவதில்லையாதலால், அதை எதிர்க்க நோயாளியின் உடல் உண்டாக்கிய ஆன்டிபாடி என்னும் எதிர்ப்பொருளை முதுகுத்தண்டு நீரில் தேடிப்பார்ப்பதே மருத்துவமனைகளின் வழக்கம். அதுவோ நோய் வந்தபின் கிடைக்கும் சேதி.

வருமுன் அறிய விரும்பிய மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார், 1990-களில், அந்திவேளையில் டார்ச் விளக்கும் உறிஞ்சுகுழலுமாக மாட்டுக் கொட்டகைகளையும் புதர்களையும் துழாவிப் பிடித்த கொசுக்களை இனவாரியாகப் பிரித்து, ஐம்பது வரை ஒன்றுசேர்த்து அரைத்து, எலைசா பரிசோதனைக்கு உட்படுத்தினர்.

1971-ல் ஸ்டாக்ஹோமில் எங்வாலும் பெர்ல்மனும் வெளியிட்ட இம்முறையில், சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் முன்னதாகவே படியவைத்த ஆன்டிபாடி, கொசுச்சாற்றில் வைரஸின் புரதம் இருந்தால் அதைப் பற்றிக்கொள்ளும். மற்றவற்றைக் கழுவிவிட்டு, நொதி கோத்த இரண்டாவது ஆன்டிபாடியை வார்த்து, மீண்டும் கழுவி, நிறமற்ற ரசாயனத்தைச் சேர்த்தால், வைரஸ் சிக்கிய குழி மட்டும் நிறங்கொள்ளும். கழுவுவதில் அசட்டை செய்தாலோ, வெற்றுக் குழியும் நிறமேறி ஏமாற்றிவிடும்.

எந்த ஆன்டிபாடியைப் பிரயோகிப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. டெங்குவும் மேற்கு நைல் வைரஸும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையாதலால், குடும்பப் பொது அடையாளத்தைப் பற்றும் ஆன்டிபாடி இம்மூன்றையும் பேதமின்றிப் பிடித்துவிடும். எலியின் எதிர்ப்பொருள் சுரக்கும் செல்லைப் புற்றுச் செல்லோடு இணைத்து, ஒரே வகை ஆன்டிபாடியை ஓயாமல் சுரக்கச் செய்யும் வித்தையை 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் கண்டபிறகே, ஒரு வைரஸுக்கு மட்டும் உரிய அடையாளத்தைக் குறிவைக்கும் ஆன்டிபாடிகள் தடையின்றிக் கிடைக்கலாயின.

உயிருள்ள வைரஸை வளர்த்துப் பார்ப்பதாயின் கொசுக்களைக் கடுங்குளிரில் காக்கவேண்டும். எலைசாவுக்கோ புரதத்தின் வடிவம் சிதையாதிருந்தாலே போதும். ஆகவே, உலர்ந்த கொசுக்களைக் கொண்டும் இக்கண்காணிப்பை நடத்தலாம் என்று அம்மையத்தார் காட்டியது, மின்வசதி குறைந்த கிராமங்களுக்குப் பேருதவியாயிற்று. கொசுவில் வைரஸ் தென்பட்டதென்னும் சேதி, எந்தக் குழந்தைக்கு நோய் வரும் என்பதைச் சொல்லாது. தடுப்பூசி விடுபட்ட குழந்தைகளை எந்த ஊரில் முதலில் தேடவேண்டும் என்பதை, காய்ச்சல் தோன்றுமுன்பே சுகாதாரத் துறைக்குச் சொல்லிவிடும்.