செல்போன் அலையும் குழந்தைப் பேறும்



ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சேலையூர் பக்கம் குழந்தை தள்ளிப்போகும் வீடுகளில் ஒரு பேச்சு அடிபடுகிறது. "பக்கத்துல டவர் வந்துடுச்சு, அதான் தங்கல" என்கிறார்கள். "பாக்கெட்டுல போன் வைக்கிறார், அதனாலதான்" என்பவர்களும் உண்டு. இதில் எது உண்மை என்று பார்ப்போம்.

இது எக்ஸ்ரே மாதிரியா?

இல்லை. எக்ஸ்ரே கதிர் உயிரணுவின் உள்ளமைப்பையே உடைக்கும் வலிமை உள்ளது. செல்போன் அலை வானொலி அலையின் இனம். அதற்கு அந்த வலிமை கிடையாது. அளவு மிஞ்சினால் உடம்பைச் சூடாக்கும். இதுவே உறுதியாகத் தெரிந்த கெடுதல்.

வரம்பு எவ்வளவு?

உடல் முழுவதும் கிலோவுக்கு 4 வாட் வீதம் அலையை ஏற்றால் உடற்சூடு சுமார் 1 டிகிரி கூடும். அதில் ஐம்பதில் ஒரு பங்கே, அதாவது 0.08 வாட்டே, பொதுமக்களுக்கான உலக வரம்பு. காதோரம் போல ஓரிடத்தில் படும் அலைக்குத் தனிக் கணக்கு. நம் நாட்டில் 2012 செப்டம்பர் 1 முதல் அது கிலோவுக்கு 1.6 வாட், ஒரு கிராம் தசைக்குச் சராசரி பார்த்து அளப்பார்கள். உங்கள் போனின் அளவைப் பார்க்க *#07# என்று அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் தெரியும்.

டவர் பக்கத்தில் இருந்தால்?

டவர் அலை பக்கவாட்டில் விரிந்து போகிறது. தூரம் இரண்டு மடங்கானால் அதன் வலிமை நாலில் ஒரு பங்காகும். காதில் ஒட்டிய போனிலிருந்து வருவதே அதிகம். இன்னொன்று: சிக்னல் குறைந்தால் போன் கூடுதல் சக்தியுடன் அலையை அனுப்பும். ஆகவே டவர் வெகுதூரம் போனால் நல்லது என்று எண்ண வேண்டாம். சந்தேகம் இருந்தால், தொலைத்தொடர்புத் துறை 2017இல் தொடங்கிய 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் உங்கள் பகுதி டவர்களைப் பார்க்கலாம்.

ஆண்மை குறையுமா?

சுவிட்சர்லாந்தில் 2,886 இளைஞர்களைச் சோதித்து 2023இல் முடிவு வெளியிட்டார்கள். நாளுக்கு 20 முறைக்கு மேல் போன் எடுப்பவர்களிடம் விந்தணு மில்லிலிட்டருக்கு 4.45 கோடி, வாரம் ஒரு முறைக்கு மேல் எடுக்காதவர்களிடம் 5.65 கோடி. வித்தியாசம் உண்டு; ஆனால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கீழ் வரம்பான 1.6 கோடியைவிட இரண்டுமே அதிகம். பாக்கெட்டில் வைத்தவர்களுக்குத் தனியாகக் குறைவு எதுவும் காணப்படவில்லை. போன்தான் காரணம் என்று இந்த ஆய்வு நிரூபிக்கவும் இல்லை.

புற்றுநோய்?

2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, "வரக்கூடும்" என்ற ஐயப் பட்டியலில் இதைச் சேர்த்தது. அந்நிறுவனம் செய்வித்த 2024ஆம் ஆண்டு மறுஆய்வில், மூளைப் புற்றுநோய்க்கும் செல்போனுக்கும் தொடர்பு தென்படவில்லை.

செலவில்லாத எச்சரிக்கைகள்

• நீண்ட பேச்சுக்கு ஸ்பீக்கர் அல்லது இயர்போன் வையுங்கள்.
• சிக்னல் ஒரு கோடு காட்டும்போது பேச்சைச் சுருக்குங்கள்.
• தூங்கும்போது தலையணைக்கடியில் போன் வேண்டாம்.
• பேஸ்மேக்கர் பொருத்தியவர் போனை 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்கவும்.

முக்கியமாக ஒன்று

டவரைத் திட்டிக்கொண்டே வருஷத்தை ஓட்டிவிடாதீர்கள். சேர்ந்து வாழ்ந்து ஓராண்டாகியும் கரு நிற்கவில்லையென்றால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே வாருங்கள். பெண்ணை மட்டும் அனுப்புவது தவறு. குறை ஆணிடமும் இருக்கலாம். விந்துப் பரிசோதனை எளிது, வலியில்லாதது. புகையிலை, மது, உடல் பருமன், சர்க்கரை நோய், விதைப்பையில் நரம்புச் சுருட்டு ஆகியவை தெரிந்த காரணங்கள். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும்.

இருவரும் சேர்ந்தே அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். பழி யார் மேலும் வேண்டாம். பரிசோதனை இருவருக்கும் வேண்டும்.