தலையணைக்கடியில் ஒரு சின்ன மாத்திரை

உங்கள் தலையணையைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். சிரிக்காதீர்கள்! அங்கே இல்லாவிட்டால் கைப்பையின் உள்ளறையில். அங்கும் இல்லாவிட்டால் பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில். ஓரம் கத்தரித்த மாத்திரை அட்டை ஒன்று, நாலைந்து மாத்திரை மிச்சத்தோடு இருக்கிறதா? இல்லையென்றால் ரொம்ப சந்தோஷம். ஆனால் உங்கள் மாமியாரிடமோ, அக்காவிடமோ, எதிர்வீட்டு அம்மாளிடமோ இருக்கக் கூடும். அவர்கள் அதைத் தூக்க மாத்திரை என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். "ராத்திரி மாத்திரை" என்பார்கள், ஏதோ ராத்திரிப் பால் என்பது போல!

திருச்சியில் இருக்கும் என் பெரியம்மா மகளும் அப்படித்தான் சொல்லிக் கொண்டிருந்தாள். 2013-ல் அத்தான் மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகு அக்காவுக்கு ராத்திரி கண் மூடவில்லை. நெஞ்சு படபடக்கும், வாசலில் ஏதாவது வண்டி நின்றால் உடம்பு தூக்கிப் போடும். பக்கத்துத் தெரு டாக்டர் அல்ப்ரஸோலாம் கால் மில்லிகிராம் எழுதிக் கொடுத்து, "பதினைந்து நாளைக்குச் சாப்பிடுங்கள் அம்மா" என்றார். அவர் சொன்னதில் குற்றமே இல்லை. அந்தப் பதினைந்து நாள்தான் ஒன்பது வருஷமாயிற்று! காலையில் கால் மில்லிகிராம், ராத்திரியில் அரை மில்லிகிராம் என்று அளவும் ஏறிவிட்டது.

"சீட்டில்லாமல் இத்தனை வருஷம் எப்படிக் கிடைத்தது?" என்று கேட்பீர்கள். 2014 முதல் இந்த மாத்திரைகள் எச்-1 என்ற பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்றெல்லாம் கடைக்காரர் தனிப் புத்தகத்தில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். ஆனால் தெரிந்த கடை, தெரிந்த முகம். பையனை அனுப்பினால் வந்துவிடும். சட்டத்தைவிடத் தெரிந்த முகத்துக்குத்தானே நம் ஊரில் மதிப்பு அதிகம்!

இந்த மாத்திரைகள் பிறந்த கதை வேடிக்கையானது. அமெரிக்காவில் ரோஷ் கம்பெனியில் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற ரசாயன நிபுணர் வேலை பார்த்தார். ஆராய்ச்சியில் பிரயோஜனம் இல்லை என்று ஒதுக்கிய ஒரு பொடி அலமாரியிலேயே கிடந்தது. 1957-ல் அங்கே சுத்தம் செய்தபோது அது கண்ணில் பட்டு, சரி, இதையும் சோதித்துப் பார்ப்போமே என்று அனுப்பினார்கள். அதுதான் 1960-ல் லிப்ரியம் என்று கடைக்கு வந்தது. 1963-ல் அதன் தங்கை வாலியம் வந்தது. பழைய தூக்க மருந்துகளைவிட ஆபத்து குறைந்தது என்று டாக்டர்கள் கொண்டாடினார்கள். வாங்கிச் சாப்பிட்டவர்களில் பெண்களே அதிகம். அதை விட முடியாமல் போகிற சங்கதி வெளியே தெரியப் பல வருஷம் பிடித்தது.

அக்காவுக்குத் தெரிய வந்தது 2022 ஆவணியில், கோயம்புத்தூரில். மகளின் நாத்தனார் கல்யாணம். அவசரத்தில் மாத்திரை அட்டையை வீட்டிலேயே வைத்து விட்டாள். முதல் நாள் தூக்கம் இல்லை. கல்யாண வீட்டில் யாருக்குத்தான் தூக்கம் என்று இருந்து விட்டாள். இரண்டாம் நாள் கை நடுங்கிக் காபி டம்ளர் தளும்பியது. மூன்றாம் நாள் முகூர்த்தத்தில் நாயனச் சத்தம் காதில் ஊசியாய்க் குத்துகிறது என்று இரு காதையும் பொத்திக் கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து விட்டாள். புடவையெல்லாம் வியர்வை. ஒருத்தி கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றினாள். இன்னொருத்தி ரத்த அழுத்தம் என்றாள். மகள்தான், "அம்மா, நீ தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுவாயே, அது எங்கே?" என்று கேட்டாள். வாங்கி வந்து விழுங்கிய அரை மணியில் எல்லாம் அடங்கிவிட்டது.

அடங்கியதுதான் அக்காவைப் பயமுறுத்தியது. "நான் இதற்கு அடிமையாகி விட்டேனா?" என்று மானம் பொங்கிற்று. திருச்சிக்குத் திரும்பியதும் மகளோடு ஒரு மனநல டாக்டரிடம் போனாள். அந்த டாக்டரும் பெண்மணியே.

"இன்றைக்கே குப்பையில் போட்டுவிடுகிறேன், டாக்டர்!" என்றாள் அக்கா.

"தயவு செய்து போட்டுவிடாதீர்கள், அம்மா" என்றார் அவர்.

வாசகிகளே, இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பல வருஷம் சாப்பிட்ட மாத்திரையை வைராக்கியத்தோடு ஒரே நாளில் விடுவது தைரியமல்ல, ஆபத்து. வலிப்பே வந்துவிடலாம். நம் மூளையில் காபா என்று ஒரு பொருள் உண்டு. இரைச்சலை அடக்கி நரம்புகளை அமைதிப்படுத்துவது அதன் வேலை. மாத்திரை அதற்குக் கைகொடுக்கிறது. வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால் நம் கைக்குப் பழக்கம் விட்டுப்போகிறதல்லவா? அது போல மூளையும் தன் சொந்த சக்தியைக் குறைத்துக் கொள்கிறது. ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் வீடு என்ன பாடுபடும்! கோயம்புத்தூரில் நடந்தது அதுதான்.

"இது உங்கள் பலவீனம் அல்ல. டாக்டர் எழுதியதை ஒழுங்காகச் சாப்பிட்ட யாருக்கும் இப்படி ஆகும்" என்று அந்த டாக்டர் சொன்னபோது அக்கா அழுதுவிட்டாளாம்.

பிறகு அவர் இன்னொரு மருந்தை எழுதினார். ஸெர்ட்ரலின், மனச்சோர்வுக்கான மாத்திரை. அக்காவுக்குக் கோபம். "எனக்கென்ன மனச்சோர்வு? நான் அழுவதே இல்லையே!" என்றாள், கண்ணைத் துடைத்துக் கொண்டே. டாக்டர் விவரித்தார். இந்த ஜாதி மருந்துகள் பயத்துக்கும் படபடப்புக்கும்கூடக் கொடுப்பவை. ஒன்பது வருஷமாக மாத்திரை பயத்தை மூடி வைத்ததே தவிரத் தீர்க்கவில்லை. தனியாக வெளியே போகாதது, விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு அடித்துக் கொண்டு விழிப்பது, இவை அப்படியேதானே இருந்தன? மூடியை எடுக்கு முன் உள்ளே கொதிப்பதைத் தணிக்க வேண்டாமா?

ஆனால் இந்த இரண்டு மருந்துக்கும் இரண்டு கடிகாரம். பழைய மாத்திரை அரை மணியில் வேலை செய்யும். புதியது வேர் பிடிக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அது மட்டுமா? முதல் பத்து நாள் குமட்டலும், இருப்புக் கொள்ளாத தவிப்பும் அதிகமாகவே இருக்கலாம். அதனால்தான் குறைந்த அளவில், இருபத்தைந்து மில்லிகிராமில் ஆரம்பித்தார். பழைய மாத்திரையில் ஒரு துணுக்குக் கூடக் குறைக்கவில்லை. இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது எதனால் வந்தது என்று யாருக்குத் தெரியும்?

இங்கே என் அசட்டுத்தனத்தையும் சொல்லியாக வேண்டும். ஆறாம் நாள் அக்கா டெலிபோன் செய்தாள்.

"புது மாத்திரை எனக்கு ஒத்துக்கலைடி. வயிற்றைப் புரட்டுது. உட்கார்ந்தால் எழுந்திருக்கணும் போல இருக்கு, எழுந்தால் உட்காரணும் போல இருக்கு."

"ஒத்துக்காட்டி நிறுத்திடேன் அக்கா" என்றேன் நான், பெரிய வைத்தியச்சி மாதிரி!

நல்ல வேளை, மகள் என் பேச்சைக் கேட்காமல் டாக்டரைக் கேட்டாள். அவர் ஒரு வாரத்துக்குப் பாதி மாத்திரையாக்கி, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கச் சொன்னார். புரட்டல் நின்றது. என் யோசனைப்படி நடந்திருந்தால் பாதிக் கிணறு தாண்டின கதைதான். ஒன்று மட்டும் ஜாக்கிரதை: இந்த மருந்து ஆரம்பித்த வாரங்களில், அதுவும் இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு, உயிரை மாய்த்துக் கொள்ளும் நினைப்பு வருமானால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். நடுராத்திரியில் யாரும் அகப்படாவிட்டால் 14416 என்ற அரசாங்க இலவச எண் இருக்கிறது, தமிழிலும் பேசுவார்கள்.

பிறகு அளவு மெள்ள மெள்ள ஐம்பது மில்லிகிராம் ஆயிற்று. ஆறாம் வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அக்கா தனியாக உறையூர் வெக்காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை! அப்புறம்தான் டாக்டர் பழைய மாத்திரையின் பக்கம் கை வைத்தார்.

அல்ப்ரஸோலாம் உடம்பை விட்டுச் சீக்கிரம் இறங்கிவிடும். ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் நடுவிலேயே தவிப்பு எட்டிப் பார்க்கும். டயஸிபாம் மெதுவாக இறங்கும். ஆகவே முதலில் ஒவ்வொரு வேளையாக அல்ப்ரஸோலாமை எடுத்துவிட்டு, அதற்குச் சமமான டயஸிபாம் கொடுத்தார். முக்கால் மில்லிகிராமுக்கு ஏறக்குறையப் பதினைந்து மில்லிகிராம். எல்லாருக்கும் இதே வழி என்று எண்ணிவிடக் கூடாது. வயதானவர்களுக்கு டயஸிபாம் உடம்பில் தேங்கித் தள்ளாட வைக்கும். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதோடு போயிற்று. சில மனச்சோர்வு மருந்துகள், முக்கியமாக ஃப்ளூவோக்ஸமின், இந்த மாத்திரைகளை உடம்பில் தங்க வைத்து வேகத்தைக் கூட்டிவிடும். எதை எதோடு கொடுப்பது என்பது டாக்டர் கணக்கு.

கீழே இறங்கும் வேகத்துக்கும் கணக்கு உண்டு. இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒரு முறை, அப்போது சாப்பிடும் அளவில் நூற்றுக்கு ஐந்து அல்லது பத்து பங்கு குறைத்துத் தொடங்குவது என்று 2025-ல் அமெரிக்க மருத்துவ சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. அதற்கு வெகு முன்பே இங்கிலாந்தில் ஒரு பெண்மணி இதைச் செய்து காட்டியிருந்தார். நியூகாஸிலில் ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியை, 1982 முதல் 1994 வரை பன்னிரண்டு வருஷம் இதற்கென்றே சிகிச்சைக்கூடம் நடத்தினார். வந்தவர்களுக்கு உபதேசம் செய்யாமல் அவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டே தாம் கற்றதாகச் சொல்வார். எவ்வளவு வேகம் என்பதை நோயாளியே தீர்மானிக்கட்டும் என்பது அவர் கட்சி. 2019-ல் காலமானார். என்னைக் கேட்டால், அந்த அம்மாளுக்கு நம் வீட்டுப் பெண்கள் ஒரு கும்பிடு போடலாம்.

அக்காவும் தன் காலண்டரைத் தானே வைத்துக் கொண்டாள். 2023 தையில் ஆரம்பம். இரண்டு மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக உடைத்தால் ஒரு மில்லிகிராம். அதுதான் ஒரு படி. குறைத்த மூன்றாம் நாள் நாலாம் நாள் கொஞ்சம் ஆட்டம் காணும். பத்தாம் நாள் அடங்கும். அடங்கிய பிறகு அடுத்த படி. தீபாவளி மாதம் பட்டாசுச் சத்தம் தாங்காது என்று ஒன்றும் குறைக்கவில்லை. ஆறு மில்லிகிராமில் நின்றபோது சின்ன மாமா காலமானார். பழைய சாவெல்லாம் நினைவுக்கு வந்து இரண்டு மாதம் அங்கேயே நின்றாள். "ஏறாமல் நின்றாலே போதும்" என்றார் டாக்டர்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் கொடுத்தது மகனுடைய கேள்விதான். "இன்னும் அந்த மாத்திரையை விடலையாம்மா?" என்று பெங்களூரிலிருந்து வாராவாரம் கேட்பான். அன்பில் கேட்கிறான், பாவம். ஆனால் அந்தக் கேள்வி வந்த ராத்திரிகளில் அக்கா தூங்கியதில்லை. மகள் வேறு மாதிரி. குறைக்கும் வாரத்தில் விருந்தாளிகளைக் கூப்பிட மாட்டாள். சாயங்காலக் காபியை நிறுத்திப் பால் கொடுத்தாள். படபடப்பு வந்தால், "இது மாத்திரை இறங்குகிற படபடப்பும்மா, பழைய பயம் இல்லை, போய்விடும்" என்பாள். இரண்டுக்கும் அடையாளம் கண்டுபிடிப்பது லேசல்ல. நோய் திரும்பிவிட்டதென்று மிரண்டு மறுபடி மாத்திரையைக் கூட்டிக் கொள்கிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

2024 சித்திரையில் கடைசி அரை மாத்திரை. முதல் ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்தாளாம். பயமாக இருந்ததா என்று கேட்டேன். "இல்லைடி, சும்மா அத்தானை நினைச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்" என்றாள். தூக்கம் இன்னும் முழுசாக வரவில்லை. ஐந்து மணி நேரம் வருகிறது.

ஸெர்ட்ரலின் தொடர்கிறது. அதையும் நினைத்தபோது நிறுத்தக் கூடாதாம். தலை சுற்றும், எரிச்சல் வரும். எப்போது குறைப்பது என்று டாக்டரும் அக்காவும் பேசிக் கொண்டிருக்கிறார்கள். என்னிடம் யோசனை கேட்கவில்லை.