மாமரத்துல தொங்குற டப்பா

கிருஷ்ணகிரி பக்கத்துல பெரியப்பாவுக்கு மாந்தோப்பு. கோடை லீவுக்குப் போனப்ப என் மகன் கேட்ட முதல் கேள்வி: "தாத்தா, மரத்துல ஏன் பிளாஸ்டிக் டப்பா தொங்குது?" கிட்டப் போய்ப் பார்த்தோம். உள்ளே ஒரு சின்ன மரத்துண்டு, அடியில குவியலா செத்த ஈக்கள்.

"அது பழ ஈ கண்ணு. வாசனைக்கு வந்து மாட்டிக்கும்"னார் பெரியப்பா.

பெண் ஈ, பழுக்கப்போற மாங்காயின் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வெட்டினா புழு. புழு உள்ளே போன பிறகு மருந்து அடிச்சும் பெரிசா பயனில்லை. அதனால ஈயை முன்னாடியே பிடிக்கணும்.

மரத்துண்டில் ஊறியிருப்பது மெத்தில் யூஜினால். துளசி உட்பட பல செடிகளில் இயற்கையாகவே இருக்கும் வாசனைப் பொருள். ஆண் ஈ இதைத் தேடி வந்து தின்னும். தின்றதைத் தன் உடம்பில் மாற்றி, பெண் ஈயை மயக்கும் வாசனையாக வெளியிடும். அதான் அதால சும்மா இருக்க முடியறதில்லை! மரத்துண்டில் பூச்சி மருந்தும் கலந்திருக்கும். அந்த மருந்து டப்பாவுக்குள்ளேயே இருக்கும், பழத்தில் படாது. ஆண் ஈக்கள் குறைந்தால் பெண் ஈக்களுக்குத் துணை கிடைக்காது, முட்டையும் குறையும்.

இதைக் கண்டுபிடிச்சதும் இந்தியாவுலதான். பீகாரில் பூசாவில் வேலை பார்த்த ஹௌலெட் என்ற பூச்சியியலாளர், சிட்ரோனெல்லா எண்ணெய்க்கு ஆண் பழ ஈக்கள் வந்து மொய்ப்பதை 1912ல் எழுதினார். பிறகு 1915ல், ஈயை இழுப்பது மெத்தில் யூஜினால் என்று காட்டினார். 1960களில் பசிபிக்கில் ரோட்டா என்ற தீவு முழுக்க, இதை ஊறவைத்த அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து போட்டே பழ ஈயை ஒழித்தார்கள். கேரளத்தில் துளசியைக் கசக்கி, மருந்து கலந்து, தேங்காய்ச் சிரட்டையில் தொங்கவிடுவாங்க.

ஆனா டப்பா மட்டும் போதாது. ஏற்கெனவே கூடிய பெண் ஈ இதில் சிக்காது. பழம் முற்றுவதற்கு முன்பே கட்டணும், பக்கத்துத் தோப்பிலும் கட்டணும், கீழே விழுந்த பழத்தைப் பொறுக்கி அழிக்கணும்.

நமக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு. பழ ஈ மாதிரி பூச்சிகளால்தான் 2014ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தை நிறுத்தி, 2015ல் மறுபடி அனுமதித்தது. அமெரிக்கக் கடைகளுக்கு வரும் இந்திய மாம்பழம் கதிர்வீச்சு கொடுத்த பிறகே வருகிறது. நாங்க இருக்கற கலிபோர்னியாவில் இதே ஈயால் 2024ல் ரெட்லண்ட்ஸ் ஊரில் 2,000க்கும் மேற்பட்ட வீடுகளில் காய்த்திருந்த பழங்களை அரசாங்கமே பறிச்சு அழிச்சுது. பையில் ஒளிச்சுக் கொண்டுபோற ஒரு பழம் போதும், ஒரு ஊருக்கே வினை வர.

கிளம்பற அன்னிக்கு பெரியம்மா ஆசையா நாலு பழத்தைத் துணிக்கு நடுவுல வச்சாங்க. வேண்டாம்னு நான் எப்படிச் சொல்றதுன்னு தவிச்சேன். மகன்தான் எடுத்து வெளியே வச்சான். "பாட்டி, உள்ளே ஈ முட்டை இருந்தா எங்க ஊர் மரமெல்லாம் போயிடும். இங்கயே சாப்பிட்டுட்டுப் போறேன்."

பெரியம்மா சிரிச்சுக்கிட்டே அரிவாள்மணையை எடுத்தாங்க. நாலு பழத்துலயும் புழு இல்லை.