பதினேழாம் திகதிக்குரிய சங்கீதம்

இலங்கையில் அரநாயக்கப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள் நான். எங்கள் வீட்டில் மனசுக்குப் பிடித்த இடத்தைப் புரட்டி எடுத்து வேதம் வாசிப்பதில்லை. கலண்டரில் திகதி பார்த்துத்தான் வாசிப்போம். அங்கிலிக்கன் சபையின் ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் முப்பது நாளுக்குப் பங்கிட்டிருக்கிறது. காலைக்கு ஒரு பங்கு, மாலைக்கு ஒரு பங்கு. 31ஆம் திகதி வந்தால் முப்பதாம் நாளுக்குரியதையே திரும்ப வாசிக்க வேண்டும்.

கோப்பிக் காலத்தில், 1854இல், தோட்டத் தமிழருக்கென்று ஒரு மிஷன் தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். எழுத்துத் தெரிந்தவர்கள் குறைவு. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். என் அம்மாயிக்கும் எழுத்துத் தெரியாது. ஆனால் நாங்கள் வாசிக்கும்போது ஒரு வரி விட்டுப்போனால் உடனே பிடித்துவிடுவார்.

ஆறுதல் மட்டும் தேடுகிறவர்களுக்கு 23, 91, 121ஆம் சங்கீதங்கள் போதும். வரிசையாகப் போகிறவர்கள் 88ஆம் சங்கீதத்தையும் கடந்தாக வேண்டும். மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் முடிவதற்குள் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது இருட்டிலேயே முடிகிறது. இதை எதற்கு வேதத்தில் சேர்த்தார்கள் என்று சின்ன வயதில் அம்மாயியிடம் கேட்டிருக்கிறேன். "வாசி, தேவைப்படும்" என்றார்.

2016 மே 17. விடாத மழை, பால் வெட்டு இல்லை. காலைப் பங்கு 86 முதல் 88 வரை. அன்று மாலை எங்கள் பக்கத்துச் சாமசர மலை சரிந்து சிரிபுர, பல்லேபாகே, எலங்கபிட்டிய கிராமங்கள் மண்ணுக்குள் போயின. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். அதே நாள் புளத்கொஹுபிட்டியப் பக்கம் களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து ஆட்கள் மாண்டார்கள்.

மறுநாள் எங்களில் யாருக்கும் ஜெபிக்க வாய் வரவில்லை. எல்லாம் நன்மைக்கே என்று சொல்ல மனசு ஒப்பவில்லை. அம்மாயிதான் 88ஐச் சொல்லத் தொடங்கினார், நாங்களும் சேர்ந்துகொண்டோம். மண் சரிந்த திகதிக்கு அந்தச் சங்கீதம் வந்ததை அற்புதம் என்று நான் சொல்ல மாட்டேன். மாதா மாதம் 17ஆம் திகதி அதுதான் வரும். மாதா மாதம் வாசித்திருந்ததால்தான் மறுநாள் வாயில் வந்தது. பதில் கிடைக்காத நேரத்திலும் ஆண்டவரிடம் முறையிடலாம் என்பதைத் துக்கம் வருமுன்பே அது எங்களுக்குப் பழக்கியிருந்தது.

பால் மரத்தில் பட்டையை மெல்லிசாகத்தான் சீவ வேண்டும். ஆழமாக வெட்டினால் மரம் கெடும். வாசிப்பும் அளவாக இருக்கட்டும். வேதத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள்: நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் ஒரு வருஷத்தில் முடியும். அது கூடுதலாகத் தெரிந்தால் நீதிமொழிகளில் தொடங்குங்கள். 31 அதிகாரம், நாளுக்கொன்று. இடையில் ஒரு நாள் தவறினால் பின்னுக்குப் போய்த் துரத்த வேண்டாம். இன்றைய திகதிக்குரியதை வாசியுங்கள். விட்டுப்போனது அடுத்த மாதம் வரும்.