மலைச்சேகரங்களில் உளநல ஆற்றுப்படுத்தல்: தன்பாலீர்ப்புடையோரும் ஆயரும்

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் ஊழியம் செய்யும் ஆயரை ஆராதனைக்குப் பின் தனியே காண வரும் வாலிபர், வேலையைப் பற்றியோ கடனைப் பற்றியோ பேச வந்திருப்பார் என்று எண்ணுவது இயல்பு. சில வேளைகளில் அவர் நெடுநேரம் மௌனமாயிருந்து, தம் மனம் தம் பாலினத்தாரையே நாடுகிறதெனக் கூறக்கூடும். அப்போது செய்யத்தக்கது யாது என்பதற்கு முன், செய்யத்தகாதது யாது என்பதை ஆயர் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, இரகசியம். 1964-ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை உடன்படிக்கைக்குப் பின் தாயகம் திரும்பியோரில் பலர் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதித் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். 'லைன்' எனப்படும் அவ்வரிசை வீடுகளில் ஒரு வீட்டின் இருமல் அடுத்த வீட்டில் கேட்கும். தோட்டத்து வீடோ வேலையோடு பிணைந்தது; குடும்பம் புறந்தள்ளுமாயின் இரண்டையும் ஒருங்கே இழக்க நேரிடலாம். இரகசியம் பெரும்பாலும் தீய எண்ணத்தால் வெளிப்படுவதில்லை; ஜெபக்குறிப்பாகவே வெளிப்படுகிறது. பெயரைச் சொல்லாமல் ஊரையும் வயதையும் சொன்னாலே போதும், சபையார் ஆளை அறிந்துகொள்வர்.

இரண்டாவது, இதை நோயென்று கருதிக் குணமாக்க முற்படுதல். உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கிற்று. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இது நோயன்று என 2018-இல் அறிவித்தது. நம்மவர் அதிகம் அறியாதது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017: ஒருவர் தம் சமுதாயத்தின் ஒழுக்க நெறிகளோடும் சமய நம்பிக்கைகளோடும் ஒத்துப்போகாமை, அவரை மனநோயாளி எனத் தீர்மானிக்க அடிப்படையாகாது என்று அது விதிக்கிறது. இவ்வீர்ப்பை மாற்றுவதாகச் சிகிச்சை அளிப்பது தொழில் ஒழுங்கீனம் என 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. மருத்துவருக்கே தகாததை உபவாச ஜெபம் என்ற பெயரில் ஆயர் மேற்கொள்ளலாமோ? 'கலியாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும்' என்ற ஆலோசனை அதனினும் கொடிது. அதில் ஏதுமறியாத இன்னொருவரின் வாழ்வும் பலியாகிறது. வேதவாக்கியங்களின் விளக்கத்தில் திருச்சபைகளிடையே கருத்து வேற்றுமை உண்டு. அது தீரும்வரை துயருறுவோரைக் காத்திருக்கச் சொல்ல இயலாது.

இங்குச் சென்னை உயர்நீதிமன்றத்தில் நிகழ்ந்தது நமக்குப் பயன்படும். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடிய இரு இளம்பெண்கள், காவல்துறையின் தொல்லையினின்று பாதுகாப்பு வேண்டி வழக்குத் தொடுத்தனர். நீதிபதி ந. ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்குப் போதிய தெளிவில்லை என்பதை மறைக்கவில்லை. பெண்களையும் பெற்றோரையும் உளநல ஆலோசனைக்கு அனுப்பியதோடு நில்லாது, தாமும் ஓர் உளவியலாளரிடம் மாணவராய் அமர்ந்தார். அதன் பின்னரே 2021 ஜூன் 7 அன்று தீர்ப்பு வழங்கினார். ஈர்ப்பை மாற்ற முயலும் சிகிச்சைகளுக்கு அத்தீர்ப்பு தடை விதித்தது. தீர்ப்பளிக்கும் இருக்கையில் இருப்பவர் முதலில் கற்க அமர்ந்தார் என்பதே ஆயர்கள் கவனிக்கவேண்டியது. பிரசங்கபீடத்தில் நிற்போருக்கு இது எளிதன்று.

இனி, யாரிடம் அனுப்புவது? கூடலூரிலிருந்து உதகைக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மலைப்பாதை. ஒரு நாள் கூலியை இழந்தே செல்லவேண்டும். எனவே 2022 முதல் இயங்கும் 'டெலி மானஸ்' இலவசத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணை ஆயர் மனப்பாடமாய் வைத்திருத்தல் நன்று. எனினும் உளநல ஆலோசகர் எல்லாரும் இத்துறையில் பயின்றவரல்லர். மும்பையின் மரிவாலா உளநல அமைப்பு, ஆலோசகர்களுக்கென இதற்கு ஒரு பயிற்சி நடத்துகிறது. தன்பாலீர்ப்புடையோராகவும் திருநராகவும் வாழும் ஆலோசகர்களே அதை வகுத்தனர். சிறு ஊர்களில் தனித்துப் பணியாற்றும் இத்தகைய ஆலோசகர், பிறர் சுமையைக் கேட்டுத் தம் சுமையையும் தாங்குகிறவர்; தம்மைப் போன்ற பிறரோடு தொடர்பின்றி அவர் நீடித்துப் பணியாற்றல் அரிது. சென்னையிலுள்ள 'ஓரினம்' என்னும் தன்னார்வக் குழு, பெற்றோருக்கும் துணை நிற்கிறது. தாய் தந்தையர் பலர், தம் பிள்ளையைவிட அதிகம் தனித்துப்போனவர்கள்.

குன்னூரிலோ உதகையிலோ கூடும் ஆயர் கூட்டங்களில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, கோயம்புத்தூரிலிருந்து இத்துறையறிந்த ஆலோசகர் ஒருவரை அழைத்துக் கேட்கலாம். அவர் முகத்தை ஒருமுறை பார்த்த ஆயர், பின்னொரு நாள் நள்ளிரவில் அவரை அழைக்கத் தயங்கமாட்டார்.