அடைக்கோழிகளை ஒரே நாளில் உட்கார வையுங்கள்

வீட்டுக்கு நாலு நாட்டுக்கோழி வைத்திருப்போர், கோழி அடைக்கு வந்ததும் கையில் இருக்கும் முட்டைகளைப் போட்டு உட்கார வைப்பது வழக்கம். பத்துக் குஞ்சு பொரித்தும், வளர்ந்து நிற்பது இரண்டோ மூன்றோ என்ற வீடுகள் பல. பருந்தும் கீரியும் கொண்டுபோவது ஒருபுறம். வெள்ளைக் கழிச்சல் வந்துவிட்டால் சில நாட்களில் கூண்டே காலியாகிவிடும்.

இந்நோய்க்குத் தடுப்பு மருந்து உண்டு. ஆனால் ஒரு குப்பியில் நூறு குஞ்சுகளுக்கோ அதற்கு மேலோ போடும் அளவு மருந்து இருக்கும். கலந்த பின் ஓரிரு மணி நேரத்தில் போட்டுத் தீர்க்க வேண்டும். மீதியை மறுநாளைக்கு வைத்தால் பயனில்லை. பத்துக் குஞ்சுக்காகக் குப்பியைத் திறக்க யாருக்கும் மனம் வராது. எனவே தெருவில் நாலைந்து வீட்டார் பேசிக்கொண்டு ஒரே நாளில் அடை வைப்பது நல்லது.

முட்டை சேர்த்தல்

எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தால்தான் முட்டையில் கரு பிடிக்கும். நடுத்தர அளவான, கீறல் இல்லாத முட்டைகளையே எடுக்க வேண்டும். முட்டையைக் கழுவக் கூடாது. கூர்முனை கீழே இருக்கும்படி மணல் பரப்பிய மண்பானையில் வைத்து, ஈரச் சாக்கைப் பானையைச் சுற்றிக் கட்டலாம். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டை அடைக்கு ஆகாது. கோடையில் நாலு நாளே கணக்கு.

முந்தி அடைக்கு வந்த கோழியின் கீழ் கரியால் குறியிட்ட இரண்டு பழைய முட்டைகளைப் போட்டு வைத்தால், மற்றக் கோழிகள் வரும்வரை நாலைந்து நாள் அசையாமல் இருக்கும்.

அடை வைத்தல்

அகன்ற கூடையில் மணலும் சாம்பலும் பரப்பி, மேலே வைக்கோல் போட வேண்டும். வேப்பிலை சேர்த்தால் செள்ளு, பேன் தொல்லை குறையும். இடிக்குப் பயந்து ஆணியும் கரியும் போடுகிறார்கள். அதனால் கெடுதல் இல்லை. ஒரு கோழிக்குப் பத்து முதல் பன்னிரண்டு முட்டை போதும். பொழுது சாய்ந்த பிறகு, எலியும் பூனையும் வராத இருட்டு மூலையில் வைக்கவும். தினமும் ஒரு முறை கோழி இறங்கி வரும்போது தானியமும் தண்ணீரும் அருகில் இருக்க வேண்டும்.

ஏழாம் நாள் சோதனை

ஏழாம் நாள் இரவில் டார்ச் விளக்கின் முன் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி கால் பரப்பியது போல் சிவந்த நரம்புகள் தெரிந்தால் கரு உண்டு. ஒன்றும் தெரியாமல் வெளிச்சமாக இருந்தால் அது கூமுட்டை, எடுத்துவிடலாம். மூன்று கோழிக்கு வைத்த 36 முட்டையில் 12 கூமுட்டை என்றால், மீதி 24 முட்டையை இரண்டு கோழிக்குப் பிரித்துக் கொடுத்து, மூன்றாவதை விடுவிக்கலாம். அது சீக்கிரம் மறுபடி முட்டைக்கு வரும். ஒரே நாளில் வைத்த அடைக்குத்தான் இது சாத்தியம்.

பதினெட்டாம் நாளுக்குப் பின் முட்டையைத் தொடாதீர்கள். திங்கட்கிழமை வைத்த அடை மூன்று வாரம் கழித்துத் திங்கட்கிழமை பொரிக்கும்.

குஞ்சு பராமரிப்பு

பொரித்த முதல் நாள் இரை தேவையில்லை. வயிற்றில் உள்ள மஞ்சள் கருவே போதும். பிறகு நொய்யரிசி, கேழ்வரகு, கறையான் கொடுக்கலாம். பருந்துக்குப் பயந்து சில வாரம் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கவும்.

ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு தடுப்பு மருந்து விட வேண்டும். எட்டாவது வாரத்தில் இறக்கையின் அடியில் ஊசி போட வேண்டும். அடை வைத்த அன்றே கால்நடை மருந்தகத்தில் தேதியைச் சொல்லி வையுங்கள். மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும். அன்று தெருவில் உள்ள குஞ்சுகள் எல்லாம் ஒரே வயதில் இருந்தால், ஒரு குப்பி எல்லா வீட்டுக்கும் போதும்.