மேட்டில் மட்டும் ஓய்ந்த நூல் வண்டி

சங்கத்தின் நூல் வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியிருப்பதை அங்கத்தினர்கள் கண்டிருப்பார்கள். அது அடிக்கடி நின்றதற்குக் காரணம் யாது, எவ்வாறு நேராக்கப்பட்டது என்று பலர் நேரிலும் கடிதம் வாயிலாகவும் கேட்டுள்ளனர். தம் சைக்கிளுக்குத் தாமே மோட்டார் பூட்டிக்கொண்ட விவசாய அங்கத்தினர் சிலரும் இதே தொல்லையைக் கூறுகின்றனர். ஆகவே நடந்தவற்றை, நாம் செய்த பிழைகளையும் மறைக்காமல், இங்கே எழுதலானோம்.

பாவும் ஊடை நூலும் தறி வீடுகளுக்குக் கொண்டு சேர்த்து, நெய்த சேலைகளைத் திரும்பக் கொணரும் பணியைச் செய்துவருபவர் அறுபதைக் கடந்த நம் மூத்த அங்கத்தினர் ஒருவர். முழங்கால் வலி காரணமாக அவர் அப்பணியை விட எண்ணியபோது, சங்கத்தின் பழைய பாரச் சைக்கிளுக்கே மோட்டார் பூட்டுவதென்று நிர்வாகக் குழு தீர்மானித்தது. பின் சக்கரத்தின் குடத்தினுள் அமைந்த 250 வாட் மோட்டார், 36 வோல்ட் லித்தியம் பாட்டரி, கன்ட்ரோலர் என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டி, கைப்பிடியில் ஆக்ஸிலேட்டர், பெடல் அச்சின் அருகே ஒரு சென்சார், இவ்வளவே சாமான். பெடலை மிதித்தால் மோட்டார் தானே துணைசெய்யும். மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நிற்கும். சில மாத காலம் ஒரு குறையும் இல்லை.

பிறகு ஒரு நாள் வாய்க்கால் பாலத்தை அடுத்த மேட்டில் வண்டி துணைசெய்ய மறுத்தது. கீழே இறங்கித் தள்ளிக்கொண்டு மேடேறியபின் மீண்டும் நன்றாக ஓடியது. மறுநாள் ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாள் இரு முறை. "ஏனுங்க, சமதரையில் சொன்னபடி கேட்கிறது, பாரத்தோடு மேட்டுக்குப் போனால் மட்டும் கோபித்துக்கொள்ளுகிறது" என்று அவர் வந்து சொன்னார். இந்த ஒரு வாக்கியத்தில் நோய் முழுவதும் அடங்கியிருந்தது. அப்பொழுது நாம் அதைக் கவனிக்கவில்லை.

வண்டியைக் கடைக்கு எடுத்துச் சென்றோம். அங்கே ஸ்டாண்டு போட்டுப் பெடலைக் கையால் சுழற்றினார்கள். சக்கரம் அழகாகச் சுழன்றது. மேட்டில் நிற்கிறது என்றால் பாட்டரி பலம் குன்றிவிட்டது, புதியது மாற்றவேண்டும் என்று முடிவு கூறினார்கள். இது வீண் பேச்சும் அன்று. 36 வோல்ட் பாட்டரியில் பத்து செல்கள் தொடராக இருக்கும். முழுதும் நிரம்பியபோது 42 வோல்ட் காட்டும். பளு மிகும்போது வோல்ட் இறங்கும். ஏறக்குறைய 30 வோல்ட்டுக்கு இறங்கினால் பாட்டரியைக் காக்கும் பொருட்டு மின்சாரம் தானே துண்டிக்கப்படும். பழுதான பாட்டரியும் மேட்டில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஆனால் பாட்டரியின் விலை மோட்டாரின் விலையினும் மிகுதி. குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அது ஏறிவிட்டது; அதற்குப் பணம் ஒதுக்குவதைவிட வண்டியையே விற்றுவிட்டுச் சரக்கு ஆட்டோவை வாடகைக்கு அமர்த்தலாம் என்னும் பேச்சும் எழுந்தது. ஆட்டோ வந்தால் அம்மூத்தவருக்கு வேலை இல்லை என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு முன் ஒரு சோதனை செய்து பார்த்துவிடுவோம் எனத் தீர்மானித்தோம். மேட்டில் துணை நின்ற அதே கணத்தில், மிதிப்பதை விடாமல், ஆக்ஸிலேட்டரைத் திருப்பிப் பார்க்குமாறு அவரிடம் சொல்லி, பின்னால் மற்றொரு சைக்கிளில் சென்றோம். ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் பாட்டரி விரைவில் தீரும், தொடவேண்டாம் என்று முன்பு அவருக்குப் போதித்தவர்கள் நாமே. அதனால்தான் அவர் அதுகாறும் தொடாமலே இருந்தார். துணை நின்றது, திருப்பினார், முழுப் பாரத்தையும் மோட்டார் இழுத்துக்கொண்டு மேடேறியது.

இதன் பொருள் பெரிது. பாட்டரி நைந்திருந்தால் அந்த இழுப்பில் அப்பொழுதே துண்டித்திருக்கும். மோட்டாரோ கன்ட்ரோலரோ கெட்டிருந்தால் இழுத்திராது. பிரேக் லீவரில் ஒரு சுவிட்சு உண்டு. லீவர் முழுதும் திரும்பாமல் சிக்கினால் அதுவும் மோட்டாரை நிறுத்திவிடும், ஆனால் அது ஆக்ஸிலேட்டரையும் சேர்த்தே நிறுத்தும். ஆகவே அதுவும் குற்றவாளி அன்று. எஞ்சி நின்றது பெடல் சென்சாரும் அதன் கம்பியும் மட்டுமே. கடையில் ஸ்டாண்டின் மீது நடந்த சோதனையில் பளுவே இல்லை. பளுவில்லாத சோதனை பளுவில் நேரும் நோயைக் காட்டாது.

சென்சார் வேலைசெய்யும் விதம் எளிது. பெடல் அச்சோடு சுழலும் சிறு வட்டு ஒன்றில் காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கும். நமது வட்டில் எட்டு, சிலவற்றில் பன்னிரண்டு. அதன் எதிரே சட்டத்தில் அசையாமல் நிற்பது ஹால் சென்சார். மின்சாரம் ஓடும் தகட்டின் அருகே காந்தத்தைக் கொண்டுவந்தால் தகட்டின் குறுக்கே சிறிய வோல்ட் தோன்றுகிறது என்பதை 1879ஆம் ஆண்டில் எட்வின் ஹால் என்னும் அமெரிக்கர் கண்டறிந்தார்; அவர் பெயரே இதற்கு நின்றது. காந்தம் ஒவ்வொன்றும் கடக்கும்போது சென்சார் ஒரு துடிப்பை அனுப்புகிறது. துடிப்பு வரும்வரை கன்ட்ரோலர் மோட்டாரை ஓட்டும்; சிறிது நேரம் வராவிட்டால் மிதிப்பவர் நிறுத்திவிட்டார் என்று எண்ணி அதுவும் நிறுத்திவிடும்.

கம்பி மூன்று: 5 வோல்ட், தரை, துடிப்பு. கன்ட்ரோலரில் இணைத்தபடியே, இணைப்பின் பின்புறமாக மீட்டர் முனைகளை நுழைத்து அளக்கவேண்டும். கழற்றிவிட்டால் அளவு கிடைக்காது. பெடலை மெல்லச் சுழற்றினால் துடிப்புக் கம்பியில் 0 வோல்ட்டுக்கு அருகிலும் 5 வோல்ட்டுக்கு அருகிலுமாக மாறி மாறிக் காட்டவேண்டும். நமக்கு அவ்வாறே காட்டியது. ஆனால் இணைப்பைத் திறந்தபோது பச்சைக் களிம்பு தெரிந்தது, மழைநீர் இறங்கியிருந்தது. துடைத்து, காயவைத்து, நீர் புகாதபடி கட்டினோம். கண்டுபிடித்துவிட்டோம் என்று குழுவுக்கும் அறிவித்தோம்.

நான்கு நாட்கள் வண்டி பிசகாமல் ஓடியது. ஐந்தாம் நாள் அதே மேட்டில் நின்றது. அந்த நான்கு நாட்களும் பாவு போகவில்லை, சேலைக்கட்டு மட்டுமே போயிற்று என்பது சரக்குப் பதிவேட்டைப் புரட்டிய பிறகே நமக்கு உறைத்தது. பளு இல்லாததால் நோயும் இல்லை. களிம்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்பொழுதுதான் மூத்தவரின் சொல் நினைவுக்கு வந்தது. மேட்டில் பாரத்தோடு அவர் எவ்வாறு மிதிக்கிறார்? சீட்டிலிருந்து எழுந்து, உடலின் கனம் முழுவதையும் பெடல் மீது வைக்கிறார். அதைப்போலவே செய்து பார்த்தோம். காந்தம் ஒன்று சென்சாருக்கு நேரே நிற்குமாறு பெடலை நிறுத்தி, ஒருவர் பிரேக்கை இறுகப் பிடிக்க, மற்றொருவர் பெடல் மீது ஏறி நின்றார். பிரேக் சுவிட்சு மோட்டாரைத் தடுத்திருந்தமையால் சக்கரம் சுழலும் அபாயம் இல்லை. டார்ச்சு ஒளியில் பார்த்தால், அச்சு சாய்ந்து வட்டு சென்சாரை விட்டு விலகியது. மீட்டரின் அளவும் மாறிவிட்டது. எதிரே நிற்கும் காந்தம் சென்சாரின் கண்ணுக்குத் தெரியவில்லை! இறங்கியதும் பழையபடி தெரிந்தது.

பெடல் அச்சின் கப்பும் குண்டுகளும் தேய்ந்து போயிருந்தன. பழைய வண்டியில் புதிய மோட்டாரைப் பூட்டியபோது அச்சைத் திறந்து பாராமல் விட்டது நமது குற்றமேயாகும். மேட்டில் பெடல் மெல்லச் சுழல்வதும் உடன் சேர்ந்துகொண்டது. நிமிடத்துக்கு 30 சுற்று என்றால் எட்டுக் காந்தங்களுக்கு விநாடிக்கு நான்கு துடிப்பே வரும். அவற்றில் ஒன்று தவறினாலும் அரை விநாடி மௌனம் ஆகிவிடுகிறது. சமதரையில் விரைந்து மிதிக்கும்போது ஒன்றிரண்டு தவறினாலும் கன்ட்ரோலர் பொறுத்துக்கொள்ளும்.

அச்சு, கப்பு, குண்டுகள் ஆகியவற்றைப் புதிதாக மாற்றி, கிரீஸ் இட்டு, பூட்டு வளையத்தை இறுக்கினோம். வட்டை ஆட்டமின்றி அமர்த்தி, சென்சாருக்கும் அதற்கும் இடைவெளி சுமார் 2 மில்லிமீட்டர் இருக்குமாறு வைத்தோம். அளவுக்குப் பழைய ஜக்கார்டு அட்டைத் துண்டுகளை அடுக்கிச் செருகினோம். இரும்புத் தகட்டையோ நாணயத்தையோ செருகினால் காந்தம் பற்றிக்கொண்டு அளவைக் கெடுக்கும். ஆன செலவு பாட்டரியின் விலையில் ஒரு சிறு பங்கும் அன்று. மறுவாரம் இரண்டு பாவுகளை ஒன்றாக ஏற்றி அதே மேட்டில் விட்டுப் பார்த்தோம். மூத்தவர் இறங்கவே இல்லை.

பிறர் வண்டியில் காரணம் வேறாகவும் இருக்கலாம். வட்டிலிருந்து காந்தம் ஒன்று உதிர்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் துடிப்புத் தவறும். எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். கைப்பிடியைத் திருப்பும்போதோ குழியில் இறங்கும்போதோ துணை நின்றால் கம்பியைச் சந்தேகிக்கவேண்டும். மேலுறை முழுதாக இருக்க உள்ளே செம்பு இழைகள் அறுந்து, நேராக இருக்கையில் தொட்டும் வளைகையில் பிரிந்தும் நிற்கும். விழுதுக்குள் அறுந்த இழையைத் தேடிப் பழகிய கைகளுக்கு இது புதிதன்று: விரல்களால் அங்குலம் அங்குலமாக வளைத்துக்கொண்டே மீட்டரைப் பார்த்தால் இடம் அகப்படும். இணைப்பு எதையும் கழற்றுமுன் பாட்டரியைத் துண்டிக்க மறத்தலாகாது. ஸ்டாண்டின் மீது சோதிக்கையில் வேட்டி நுனியும் விரலும் சக்கரத்தருகே செல்லலாகாது. மோட்டார் சொல்லாமல் கிளம்பும்.

ஆக்ஸிலேட்டரையே எப்பொழுதும் பயன்படுத்தினால் என்ன என்று ஓர் அங்கத்தினர் கேட்டிருந்தார். மேட்டில் மெல்லச் செல்லும் வண்டியில் மிதிப்பவரின் உதவி இல்லாவிட்டால் பளு முழுவதும் மோட்டார் மீது விழுகிறது. அது சூடேறும், பாட்டரியும் விரைவில் இறங்கும். இடையில் நின்றுவிட்டால் வீடு வந்து சேர அது உதவும். அவ்வளவுக்கே அதை வைத்துக்கொள்வது நன்று.

மாற்று சென்சார் ஒன்றும் எட்டுக் காந்த வட்டு ஒன்றும் சங்க ஸ்டோரில் வாங்கி வைத்துள்ளோம். தம் வண்டியில் ஐயமுள்ளவர்கள் சோதனைக்காக அவற்றை எடுத்துச் சென்று, மறுநாள் திருப்பித் தரலாம். மீட்டரும் அங்கேயே இருக்கிறது. பதிவேட்டில் கையெழுத்திட்டால் போதும்.